கையில் பாந்தமாக உட்காரும் மவுஸ், உயிரை வாங்கும் சுவிட்ச்: 3 வருடம் கழித்து

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் வேலை செய்கிறவர் ஒருத்தர் கேட்டார்: "ஏனுங்க, 400 ரூபாய்க்குள்ள ஒயர் மவுஸ் ஒண்ணு சொல்லுங்க. காத்தால இருந்து சாயங்காலம் வரைக்கும் புடிச்சாலும் கை நோகக்கூடாது." கேள்வி வந்த நேரம் சரியில்லை. அதே விலை மவுஸின் இடது சுவிட்சை இரண்டாம் தடவையாகக் கழற்றி மாற்றிய சூடு இன்னும் ஆறவில்லை. பதிலில் கொஞ்சம் காரம் இருந்தால் அதுதான் காரணம்.

மாடல் பெயர் வேண்டாம். கறுப்பு நிறம், இரண்டு பட்டன், ஒரு வீல், 1000 டிபிஐ (நகர்வை உணரும் நுட்ப அளவு), 1.8 மீட்டர் ஒயர். பேங்க், வில்லேஜ் ஆபீஸ், ரேஷன் கடை என்று மேசைக்கு மேசை கிடக்கிறதே, அந்த ரகம். சுட்டி என்று எழுதலாம்தான். கடையில் போய்ச் சுட்டி கேட்டால் எதைச் சுடுவது என்று பார்ப்பார்கள், மவுஸ் என்றே இருக்கட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. இதன் வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை அளவு பார்க்கும் வழி சுலபம்: மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து, அதில் 60 சதவீதம் எடுங்கள். 18 செ.மீ. கைக்கு 10.8 செ.மீ. வரும். மவுஸ் நீளம் அதற்கு அரை செ.மீ. முன்னே பின்னே இருந்தால் உள்ளங்கை முதுகில் தானாகப் படியும். இது 11 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், நம்மூர்க் கைகளில் பலவற்றுக்குப் பொருந்தும். லேப்டாப்போடு சேர்த்துத் தள்ளிவிடும் 9 செ.மீ. குட்டி மவுஸில் உள்ளங்கைக்கு இடமே கிடையாது. விரல்கள் கோழிக்கால் மாதிரி வளைந்து நிற்கும், பத்து நாளில் கட்டைவிரல் அடி வலிக்க ஆரம்பிக்கும். "சின்னதா இருக்கு, அழகா இருக்கு" என்று வாங்கிப் போகிறவர்கள்தான் அடுத்த மாதம் மணிக்கட்டுக்குப் பட்டை தேடுகிறார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே வளைவு என்பதால் இடது கைக்கும் ஆகும். இதை லேசாக நினைக்காதீர்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுகிறவர்களுக்கு நம்பர் பேட் இல்லாமல் ஓடாது. நம்பர் பேட் உள்ள கீபோர்டு 44, 45 செ.மீ. அகலம். அதையும் தாண்டி வலது ஓரத்தில் மவுஸ் வைத்தால் முழங்கை உடம்பை விட்டு விலகி, தோள் நாள் முழுக்கத் தூக்கியபடியே நிற்கும். கை நோகிறது என்று மவுஸை மாற்றுகிறவர்களில் பல பேருக்கு நோவு அங்கிருந்துதான் வருகிறது. மவுஸை இடது பக்கம் வைத்து, விண்டோஸ் செட்டிங்கில் பட்டனை மாற்றிக்கொண்டால் வலது கை நம்பர் பேடிலேயே இருக்கலாம். ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். வலது கைக்கென்றே வளைத்துச் செய்த விலை கூடிய மவுஸ்களில் இதற்கு வழியே இல்லை.

அடுத்து, மேலே ரப்பர் பூச்சு கிடையாது. சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக். கடையில் தொட்டுப் பார்த்தால் ரப்பர் பூச்சு பட்டு மாதிரிதான் இருக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இரண்டு பார்த்த பிறகு தொட்டுப் பாருங்கள், பலாப்பழம் அறுத்த கை மாதிரிப் பிசுபிசுக்கும். பெரும்பாலும் அது பாலியூரிதேன் பூச்சு. காற்றின் ஈரமும் கை வியர்வையும் சேர்ந்து அதை உள்ளிருந்தே சிதைக்கின்றன. துடைத்தால் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பூச்சை மொத்தமாக உரித்தெடுத்தால்தான் விடிவு. மழையில்லாத மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து அந்தப் பிசுக்கில் ஒட்டிவைக்கும். வெறும் பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 3 வருடத்தில் விரல் படும் இடம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடி போட்ட மேசையில் திரையின் அம்பு துள்ளினால் மவுஸைத் திட்ட வேண்டாம். அடியில் இருக்கும் சென்சார் சிவப்பு விளக்கடித்து மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள நகர்வைக் கணக்குப் போடுகிறது. கண்ணாடியில் பிடிக்க என்ன இருக்கிறது? 3 மி.மீ. துணி பேட் ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால், போன வருடத் தினசரிக் காலண்டரின் பின்னட்டையைத் திருப்பிப் போடுங்கள். சாமி படம் உள்ள பக்கம் பளபளப்பு, அதனால் அது கீழே.

நல்லது இத்தோடு முடிந்தது. இனி அந்தச் சுவிட்ச்.

14 மாதத்தில் இடது பட்டன் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்க ஆரம்பித்தது. முதலில் யாரும் மவுஸைச் சந்தேகப்படுவதில்லை. தேர்ந்தெடுக்க நினைத்த ஃபைல் திறந்துகொள்ளும். எக்செலில் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் பாதியில் கை நழுவின மாதிரி நின்றுவிடும். இழுத்துப் போகும் ஃபைல் வழியில் இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டரில் விழுந்து காணாமல் போகும். விண்ணப்பத்தில் சப்மிட் இரண்டு முறை விழுந்து, "ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று வந்து நிற்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் நம்மைத்தான் பார்ப்பார். சோதிக்க பெயிண்ட் திறந்து, பென்சில் எடுத்து, இடது பட்டனை விடாமல் அழுத்தி மெதுவாக ஒரு நீளக் கோடு போடுங்கள். நடுவில் கோடு அறுந்தால் சுவிட்ச் போய்விட்டது.

இதற்கு விண்டோஸில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றச் சொல்லி ஒரு வைத்தியம் உலவுகிறது. பலிக்காது. அந்த அளவு 200 முதல் 900 மில்லி செகண்ட் வரைக்கும்தான் போகும். கெட்ட சுவிட்ச் அடிக்கும் இரட்டை அடி பெரும்பாலும் அதைவிடக் குறைந்த இடைவெளியில் விழுகிறது. 200க்குக் குறைத்து வைத்தால் நாம் வேண்டுமென்று அடிக்கும் டபுள் கிளிக்தான் கெடும்.

காரணம் சின்ன விஷயம். சுவிட்ச் 12.8 மி.மீ. நீளம், 5.8 மி.மீ. அகலமுள்ள ஒரு டப்பி. உள்ளே செம்புக் கலவையில் நாக்கு மாதிரி ஒரு ஸ்பிரிங் தகடு. அழுத்தினால் 'டிக்' என்று கீழே தாவி இன்னொரு முனையைத் தொடும். எந்தச் சுவிட்சும் தொடும்போது ஓரிரு மில்லி செகண்ட் துள்ளும். சிப் அந்தத் துள்ளலைப் பொறுத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருக்கிறார்கள். நாளாக ஆகத் தகட்டின் விறைப்பு குறைகிறது, தொடும் முனையில் மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. மவுஸில் ஓடும் மின்சாரம் ரொம்பக் குறைவு, அந்தப் படலத்தைச் சுட்டு எரிக்கும் அளவுக்குப் பொறி வராது. தொட்டும் தொடாமலும் நிற்கும் முனையை சிப் இரண்டு அழுத்தமாக எண்ணிக்கொள்கிறது. பெட்டியில் போடும் 'இத்தனை லட்சம் கிளிக்' கணக்கெல்லாம் ஸ்பிரிங் உடையாமல் தாங்குவதற்கான கணக்கு. ஈரக் காற்றில் முனை எத்தனை நாள் சுத்தமாக இருக்கும் என்பது அதில் வராது.

வாரண்டி 3 வருடம். பிரித்தால் வாரண்டி போகும், அதனால் முதலில் அதைத்தான் முயல வேண்டும், நியாயம். ஆனால் சர்வீஸ் மையம் கோவையில். வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, டோக்கன் எடுத்து, "பில் ஒரிஜினல் இருக்கா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, மாற்று மவுஸ் வாங்க இன்னொரு நாள் போய்வந்தால், பஸ் காசும் லீவும் சேர்ந்து மவுஸ் விலையைத் தாண்டிவிடும். கொடுக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனவே ஸ்க்ரூ டிரைவர். அடியில் பின்பக்கம் மேசையில் வழுக்கிப் போக ஒட்டியிருக்கும் பட்டையை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, பிளேடு நுனியால் தூக்கினால் கீழே ஒரே ஒரு ஸ்க்ரூ. சில பேட்சில் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும், விரலால் அழுத்திப் பார்த்தால் குழி தெரியும். மேல் மூடி முன்பக்கம் கொக்கியில் மாட்டியிருக்கும், பின்னாலிருந்து தூக்கி முன்னே தள்ளினால் வந்துவிடும். வீலை எடுத்து வையுங்கள். சென்சாருக்கு அடியில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் லென்ஸில் விரல் பட்டால் அம்பு நடுங்கும், ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. வலது பட்டனில் இருப்பதும் அதே சுவிட்ச். அது இடதில் பத்தில் ஒரு பங்கு கூட அடி வாங்கியிருக்காது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் இன்னும் ஒரு வருடம் ஓடும். எங்கள் முதல் ரிப்பேர் அதுதான். இரண்டாவதற்குப் புது சுவிட்ச் வாங்கியாக வேண்டியிருந்தது. ஹுவானோ, கைல், ஓம்ரான் என்று ஆன்லைனில் தனியாகக் கிடைக்கிறது, ஒன்று 30 முதல் 60 ரூபாய். வாங்கும்போது அழுத்த எடை பாருங்கள். 60 முதல் 75 கிராம் என்றால் விரலுக்கு இதம். அதே உருவத்தில் 150 கிராம் சுவிட்சும் விற்கிறார்கள், அதைப் போட்டால் மத்தியானத்துக்குள் ஆள்காட்டி விரல் மரத்துவிடும்.

சோல்டரிங்கில் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பதில்) கவனம் வேண்டிய இடம் சர்க்யூட் போர்டு. இந்த விலையில் வருவது பழுப்பு நிறக் காகிதப் போர்டு, செம்பு ஒரு பக்கம் மட்டும். ஒரு காலில் 3 செகண்டுக்கு மேல் சூடு வைத்தால் செம்பு வளையம் உரிந்து சுருண்டுவிடும். அயர்ன் 330 டிகிரி போதும். பழைய ஈயத்தை அப்படியே உறிஞ்சப் பார்க்காமல், மூன்று காலிலும் புது 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) கொஞ்சம் சேர்த்து, ஈயம் ஓட உதவும் ஃப்ளக்ஸ் பசை தொட்டு, அப்புறம் ஈயம் உறிஞ்சும் பம்ப்பால் உறிஞ்சினால் சுவிட்ச் தானாக விழும். புதியதை மாட்டும்போது மேலே இருக்கும் சின்னக் குமிழ் பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் மூடியின் நாக்கு குமிழில் படாது. டப்பி போர்டில் சாயாமல் ஒட்டி உட்காரவேண்டும், அரை மி.மீ. தூக்கினாலும் பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்.

மொத்தம் அரை மணி நேர வேலை. கோபம் அந்த அரை மணிக்காக இல்லை. வடிவத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள், சில ரூபாய் கூடுதலாகப் போட்டு நல்ல சுவிட்ச் வைத்திருக்கலாம். கோவில் தேரை இழைத்து இழைத்துச் செய்துவிட்டு அச்சாணிக்கு மூங்கில் குச்சி செருகின கதைதான்.

ஒயர் பற்றி இரண்டு வரி. அது அறுவது பெரும்பாலும் மவுஸுக்குள் நுழையும் இடத்திலிருந்து முதல் 5 செ.மீ.க்குள்தான். கணினியில் 'டிங் டொங்' என்று அடிக்கடி கேட்டால் அங்கே அசைத்துப் பாருங்கள். 6 செ.மீ. வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. மலிவு ஒயரில் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் பீப் வைத்துச் சரிபாருங்கள்.

விலைக்காக இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அலையவும் வேண்டாம். 2017க்குப் பிறகு, கேரள-தமிழக எல்லையான வாளையாருக்கு இருபுறமும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். கையில் பிடித்துப் பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள்.

அக்ஷயாக்காரருக்குச் சொன்ன பதில்: வாங்காதீங்க. சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவர் இதை வாங்கினால் 14 மாதத்தில் என்னைத்தான் திட்டுவார். சுவிட்சை மட்டும் நன்றாக வைத்து, வடிவத்தில் கோட்டைவிட்ட வேறொன்றையும் வாரக்கணக்கில் பிடித்துப் பார்த்தாயிற்று. இரண்டாம் நாளே மணிக்கட்டு ஞாபகப்படுத்தியது. அது இப்போது அலமாரியில் இருக்கிறது. மேசையில் இருப்பது இதேதான், புது சுவிட்சோடு, முன்னைவிட ஒரு பங்கு அதிகச் சத்தத்தோடு. வீல் சுழற்றினால் சமயத்தில் பக்கம் பின்னோக்கித் தாவுகிறது, வீல் சுழற்சியை எண்ணும் என்கோடர் தேய ஆரம்பித்திருக்கிறது. அதை 7, 9, 11 மி.மீ. என்று உயரம் பார்த்து விற்கிறார்கள். அளந்தாயிற்று, 9 மி.மீ. இரண்டாக ஆர்டர் போட்டிருக்கிறது.