கடலோரத் தோட்டத்துக்கு ஒரு பூட்டு, 16 மாதங்கள் கழித்து

சிங்கப்பூரில், மரீன் பரேடில் எங்கள் புளோக்குகளுக்கு நடுவே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. ஒன்பது பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். கறிவேப்பிலை, முருங்கை, பண்டான், வெண்டை, ஒரு மூலையில் வாழை. கேட்டுக்குப் பூட்டும் சங்கிலியும் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது, நான்கு வருடத்தில் ஐந்து பூட்டு வாங்கினேன். ஒன்றுகூட ஒரு வருடம் முழுசாகத் தாங்கவில்லை. ஆறாவது இப்போது 16 மாதமாகத் தொங்குகிறது, இன்றைக்குக் காலையிலும் ஒரே திருப்பில் திறந்தது. அந்தப் பூட்டையும், அதை எனக்கு விற்ற கடையையும் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஐந்தாவது எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் புத்தி வந்தது அதில்தான். பருவமழை முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை, சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. அதற்கு முன்னால் இரண்டு மாதமாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது, பக்கத்துப் பாத்திப் பெரியம்மா விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றிச் சமாளித்தார். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் காமாட்சி விளக்கைக் கழுவாமல் விட்டால் விளிம்பில் பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளுமே, பூட்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கடைசியில் சீன அங்கிள் ஒருவர் மகனுடைய போல்ட் கட்டரைக் கொண்டுவந்து வெட்டினார்.

வெட்டிய பூட்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். என் வீட்டுக்காரர் அதை ஹேக்ஸா பிளேடால் நடுவில் அறுத்துக் கொடுத்தார். வெளியே பார்த்தால் பித்தளை, லேசாகக் களிம்பு, அவ்வளவுதான். உள்ளே பித்தளைக்கு ஒன்றுமே ஆகவில்லை, அறுத்த முகம் தங்கம் மாதிரி மின்னியது. ஆனால் மேலே வளைந்த கம்பிக்கு ஒரு கால் நீளமாக இருக்கும் பாருங்கள், அது இறங்கும் குழியின் அடியில் காப்பித்தூள் போல ஒரு சேறு. அதை ஊசியால் கிளறினால் ஸ்பிரிங்கின் துண்டுகள் வந்தன, விரலில் எடுத்து நசுக்கினால் பொடியாகிறது. சாவித்துளையின் மேல் வரிசையாக இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகளில் இரண்டு அப்படியே ஒட்டிப்போய், நல்லெண்ணெய்ப் பிசினும் தோட்டத்து மண்ணும் சேர்ந்து கறுப்பாக இறுகியிருந்தன.

ஆக, மழைத் தண்ணீர் கம்பி வழியாக இறங்குகிறது, குழியில் தேங்குகிறது, வெளியேற வழி இல்லை. பித்தளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஸ்பிரிங் உப்புத் தண்ணீரில் கிடந்தால் தனியாகக் கிடப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும், இரண்டு உலோகம் சேர்ந்தால் மட்டமானதுதான் முதலில் கரையும். நாம் வெளியே பளபளப்பைப் பார்த்து வாங்குகிறோம், பூட்டு சாவது உள்ளேதான்.

மழை நின்றால் காய்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். இங்கே வருடத்துக்குச் சராசரி 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 நாள் பெய்கிறது. அதைவிட முக்கியம் காற்றின் ஈரப்பதம், சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சமையலறை உப்பு ஜாடியை மூடாமல் வைத்துப் பாருங்கள், தெரியும். எங்கள் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு விரைவுச்சாலையும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும்தான். பூட்டின் மேல் படிந்த உப்பு, மழையே பெய்யாத நாளிலும் பெரும்பாலான நேரம் ஈரமாகவே இருக்கிறது.

என் அப்பா ஊரிலிருந்து வந்தபோது தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, 50 வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் கடக் என்று திறக்கும். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பூட்டைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.) அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. வெளியே தொங்கும் பூட்டின் பிழைப்பு வேறு.

சரி, கடைக்கு வருகிறேன். ஜாலான் புசாரில், ஹார்ன் ரோடு பக்கம் உள்ள பழைய ஹார்டுவேர் கடைகளில் ஒன்று. பெரிய கடைத்தொகுதிக் கடைகளில் பூட்டு அட்டையில் குத்தித் தொங்கும், கேட்க ஆள் இருக்காது. இங்கே வாசல்வரை சங்கிலிச் சுருளும் பெயின்ட் டப்பாவுமாக நடக்கவே இடம் இல்லை. சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது போனேன், ஒரே கூட்டம். முதலாளி அங்கிள் என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். நான் விலை கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "எங்க மாட்டப் போறீங்க அக்கா? மழை நேரா படுமா? கடல் கிட்டவா?" நான்கு வருடத்தில் பூட்டு விற்ற யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். மஞ்சளாகப் பளபளத்த ஒரு பூட்டில் வைத்தார், டக் என்று ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே பித்தளை நிறத்தில் முலாம். இன்னொன்றில் உடம்பில் ஒட்டவில்லை, கம்பியில் பலமாக ஒட்டியது, அது குரோம் முலாம் பூசிய கடின எஃகு. மூன்றாவதில் உடம்பிலும் ஒட்டவில்லை, கம்பியிலும் ஒட்டவில்லை, கம்பி எவர்சில்வர். "உங்களுக்கு இது." காந்தம் ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் ஆகாது, துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளைச் சாயம் பூசியதும் ஒட்டாது, அதனால் கையில் தூக்கி எடையும் பாருங்கள் என்றார். பித்தளை கனமாக இருக்கும்.

குரோம் முலாம் பற்றி அவர் சொன்னதை நான் பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். குரோம் மூடியிருக்கும்வரைதான் காவல். சங்கிலி உரசி ஒரு கீறல் விழுந்துவிட்டால் அந்தக் கீறலில் உள்ள இரும்பு இன்னும் மும்முரமாக அரிபடும். துத்தநாகப் பூச்சு நேர்மாறு, கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

வாங்கிய பூட்டு இதுதான்: பித்தளை உடம்பு, எவர்சில்வர் கம்பி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் சட்டை, சாவித்துளைக்கு இழுத்து மூடும் மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை. முப்பது வெள்ளியைத் தாண்டியது. இந்த வகையைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஜெர்மனியின் அபுஸ் பூட்டுகளில் மாடல் எண்ணுக்குப் பின்னால் ஐபி (IB) என்ற இரண்டு எழுத்து இருந்தால் எவர்சில்வர் கம்பி என்று பொருள், கடையில் தேடுகிறவர்களுக்கு உதவும். முழுக்க 316 ரக எவர்சில்வரில் செய்த பூட்டும் காட்டினார், படகுக்காரர்கள் வாங்குவது. அதில் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கறிவேப்பிலைக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார், அதை நான் மறக்கமாட்டேன்.

16 மாதத்தில் என்ன பார்த்தேன்? வடிகால் துளைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சாவித்துளை கீழே பார்க்கும்படிதான் தொங்கவிடவேண்டும், பூட்டு சங்கிலியில் படுத்துக்கிடந்தால் துளை இருந்தும் பயனில்லை. எங்கள் கேட்டில் அது படுத்துக்கொண்டே இருந்தது, சங்கிலியை ஒரு சுற்றுக் குறைத்த பிறகுதான் நேராகத் தொங்கியது. பிளாஸ்டிக் சட்டை பாதி நல்லது. கேட்டில் மோதும் சத்தம் இல்லை, வெயிலில் கை சுடுவதில்லை. ஆனால் அதற்கும் பித்தளைக்கும் நடுவில் ஈரம் நிற்கிறது, ஆறாவது மாதம் கழற்றிப் பார்த்தபோது அடியில் பச்சைக் களிம்பு. பயப்படவேண்டிய அளவு இல்லை, துடைத்துவிட்டு மாட்டினேன், இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றுகிறேன். சாவித்துளை மூடி வயசானவர்களின் விரலுக்கு ரொம்பச் சின்னது, மூட்டுவலி உள்ள ஒரு மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) ஒவ்வொரு முறையும் சாவி நுனியால் நெம்பித்தான் திறக்கிறார். சாவி இரண்டுதான் கொடுத்தார்கள், ஒன்பது பேருக்கு நகல் எடுக்க மூன்று கடை ஏறி இறங்கினேன், சாவித் தகடு கிடைக்கவில்லை என்று இரண்டு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போதே கூடுதல் சாவி கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எவர்சில்வர் கம்பி துருவுக்குத்தான் பலசாலி, வெட்டுக்கு அல்ல. கடின எஃகுக் கம்பியைவிட மிருதுவானது. தோட்டத்துக்குப் போதும். கீழ்த்தளத்தில் நிறுத்தும் விலையுயர்ந்த சைக்கிளுக்கு இதை வாங்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். எல்லோர் வீட்டிலும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருக்கும். 1953ல் ராக்கெட்டின் மேற்பரப்பிலிருந்து தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்தது, 40வது முயற்சியில் கைகூடியதால் அந்த எண். நனைந்த பூட்டிலிருந்து தண்ணீரை விரட்ட அதற்கு இணை இல்லை, நானும் மழையில் ஊறிய பிறகு அடிக்கிறேன். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது, நாலைந்து வாரத்துக்கு அதையே நம்பியிருக்க முடியாது. காய்ந்த பிறகு தம்பி கொடுத்த டெஃப்லான் ஸ்ப்ரே, நான்ஸ்டிக் தவாவில் பூசும் அதே பொருள், அடித்து ஐந்தாறு முறை சாவியைத் திருப்புகிறேன். அது உலர்ந்து நிற்பதால் உரத்தூசி ஒட்டுவதில்லை. பென்சில் கரி மாதிரி இருக்கும் கிராஃபைட் தூளும் பூட்டுக்கு நல்லதுதான், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பூட்டுக்கு. உப்பு ஈரத்தில் அதுவே உலோகத்தை அரிக்கத் துணை போகும். பித்தளை என்றதும் புளி போட்டுத் தேய்க்கும் கை நம்முடையது. வெளியே மின்னும், புளித்தண்ணீர் உள்ளே இறங்கினால் ஸ்பிரிங் போச்சு. செய்யவே செய்யாதீர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரால் பூட்டையும் சங்கிலியையும் கழுவுகிறோம். இது பலருக்கு விசித்திரமாகப் படுகிறது, துருவுக்குத் தண்ணீரா என்று கேட்கிறார்கள். உப்பைக் கழுவாவிட்டால் எந்த எண்ணெயும் உதவாது. பழைய ரப்பர் கால்மிதியை வெட்டிப் பூட்டின் மேல் கூரை மாதிரி தொங்கவிட்டிருக்கிறோம், மழை நேராக இறங்குவதில்லை, ஆனால் மழை படாத இடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், அதனால் கூரை போட்டவர்கள் கட்டாயம் கழுவவேண்டும்.

சங்கிலி சுருக்கமாக. முன்பு வாங்கியது வெள்ளி மாதிரி மின்னும், மின்முலாம் போட்டது, துத்தநாகம் பத்து மைக்ரான் இருந்தாலே அதிகம். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் சில மாதத்தில் பழுப்பு. இப்போது உள்ளது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது, மங்கின சாம்பல் நிறம், சொரசொரப்பு, பூச்சு பல மடங்கு தடிமன். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, அது துத்தநாகம் தன் வேலையைச் செய்வதன் அடையாளம், இரும்புத் துரு இன்னும் ஒரு பொட்டுக்கூட இல்லை. சைக்கிள் டியூப்பைச் சங்கிலிக்கு உறையாகப் போட்டுப் பார்த்தோம். டிசம்பர் மழைக்குப் பிறகு உருவினால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். இப்போது கீழ்ப்பக்கம் நெடுகக் கத்தியால் கீறிவிட்டிருக்கிறோம், நிற்பதில்லை.

தோட்டக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கோழி எரு மூட்டையை கேட் பக்கத்தில் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டன, மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921ல் கண்டுபிடித்தார்கள். கோழி எருவிலிருந்தும் அதே அமோனியா வரும், எங்கள் பூட்டும் பித்தளை. அதைப் படித்த அன்றே எங்கள் மூட்டையை வாழை மூலைக்கு நகர்த்தினோம்.

கடை ஞாயிறு மூடியிருக்கும், மற்ற நாளும் மாலை ஐந்தரைக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் வழி. ரொக்கம் கொண்டுபோங்கள். முருங்கைக்கீரை ஒரு கட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கிள் அதை என்ன செய்வது என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து எங்கள் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு ஒரு சின்னப் பூட்டு வேண்டும், அதே சாவியில் திறக்கிற மாதிரி சொல்லிவைத்திருக்கிறேன்.