அப்பாவின் போன் பில்லில் 14 மாதம் ஒளிந்திருந்த கட்டணம்

அப்பாவுடைய போஸ்ட்பெய்டு பில்லை நான்தான் கட்டுகிறேன். மின்னஞ்சலில் பிடிஎஃப் வரும், முதல் பக்கத்தில் மொத்தத் தொகை இருக்கும், கட்டிவிட்டு மறந்துவிடுவேன். சில மாதங்களுக்கு முன் அப்பா, "நான் யாரோடயும் அதிகம் பேசறதே இல்லையேப்பா, பிளான் தொகையைவிட ஏன் கூட வருது?" என்று கேட்டார். வரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அன்று இரவு பில்லை முழுதாகத் திறந்து உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் மாத வாடகை, வரி, இரண்டுக்கும் நடுவில் "பிற கட்டணங்கள்" என்று ஒரே ஒரு தொகை. அது என்ன என்பது நான்காம் பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில் இருந்தது. பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக ஒரு பெயர். அதைப் பார்த்து அது பாட்டா, விளையாட்டா, ஜோசியமா என்று யாராலும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை பிடித்திருந்தார்கள். பழைய பில்களையும் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 14 மாதம், 61 தடவை. ஒவ்வொரு தடவையும் சின்னத் தொகைதான். பெரிய தொகையாக இருந்திருந்தால் முதல் மாதமே பிடித்திருப்பேன்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "சார், இது உங்க நம்பர்ல இருந்துதான் ஆக்டிவேட் ஆகியிருக்கு" என்றார் அந்தப் பெண். எப்போது, எப்படி என்று கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது." அதற்கு மேல் அவருக்குச் சொல்ல அனுமதி இல்லை போலிருக்கிறது. சேவையை நிறுத்திவிடுவதாகவும், "நல்லெண்ண அடிப்படையில்" கடைசி மூன்று மாதப் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகவும் சொன்னார். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் நல்லெண்ணம் எங்கே வந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் அதைக் காட்டி என்ன பயன்?

அப்பா எதையோ அழுத்தியிருக்கவேண்டும், அது என்ன என்று கண்டுபிடித்தே தீருவது என்று அவருடைய போனை வாங்கினேன். வைஃபையை அணைத்துவிட்டு, அவர் தினமும் செய்தி படிக்கும் பக்கத்தை மொபைல் டேட்டாவில் திறந்தேன். மூன்றாவது செய்தியில் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் வந்தது. நடுவில் கொழுத்த பச்சைப் பொத்தான்: "தொடரவும்". மூடுவதற்கான பெருக்கல் குறி மேல் மூலையில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், நகக்கண் அளவுக்குக்கூட இல்லை. கட்டண விவரம் பொத்தானுக்குக் கீழே, திரையைத் தள்ளினால்தான் தெரியும். செய்தியைத் தொடர்ந்து படிக்கத்தான் "தொடரவும்" என்று அப்பா நினைத்திருப்பார். நானே நினைத்திருப்பேன்.

ஓடிபி இல்லை, பாஸ்வேர்டு இல்லை, அட்டை எண் இல்லை. எப்படி முடிகிறது? மொபைல் டேட்டாவில் நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அது எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று போன் நிறுவனத்துக்குத் தெரியும். சந்தா விற்பவனுக்கும் அந்த அடையாளத்தைக் கடத்தும் ஏற்பாடு உண்டு. ஹெடர் என்ரிச்மென்ட் என்பார்கள். அதனால் ஒரு தட்டு போதும், கட்டணம் நேராக நம் பில்லில் ஏறிவிடும். வைஃபையில் இருந்தால் எண் தானாகப் போகாது, நம்மிடம் கேட்டாகவேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

விற்பவன் எவனோ, போன் நிறுவனம் என்ன செய்யும் என்று தோன்றலாம். வசூலிப்பது அவர்கள்தான், வசூலில் பங்கும் அவர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் இதற்கு கிராமிங், அதாவது பில்லில் திணிப்பது, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2014இல் அங்குள்ள போன் நிறுவனங்களான ஏடி அண்ட் டி 105 மில்லியன் டாலரும் டி-மொபைல் குறைந்தது 90 மில்லியன் டாலரும் கொடுத்து இந்தக் குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொண்டன. மறு வருடம் வெரைஸனும் ஸ்பிரிண்டும். இப்படி வசூலான தொகையில் குறைந்தது 35 சதவீதத்தை ஏடி அண்ட் டி தனக்கே வைத்துக்கொண்டது என்று அங்கு நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்னது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் வரும்போது யார் தானாக முன்வந்து நிறுத்துவார்கள்?

பிரீபெய்டு வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு நான்காம் பக்கம்கூட வராது. இருப்பு குறையும், அவ்வளவுதான்.

சரி, நான் செய்தது இது. போனில் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டேன். ஒப்புதல் கொடுத்த தேதி, நேரம், எந்த வழியாக, எந்தப் பக்கத்தைப் பார்த்து என்ற பதிவைக் காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால் 61 தடவைக்கான பணத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்று. ஒரு வாரம் பதில் இல்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுடைய மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அதையே அனுப்பினேன், அடுத்தது ஒழுங்குமுறை ஆணையம் என்றும் எழுதினேன். நான்காம் நாள் முழுத் தொகையும் அடுத்த பில்லில் கழிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒப்புதல் பதிவு மட்டும் கடைசிவரை வரவில்லை.

பில்லைத் துருவியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பாவுக்கு எஸ்எம்எஸ் என்றால் தமிழில்தான் அடிக்கவேண்டும். அவர் அனுப்பிய ஒரு செய்தி பில்லில் மூன்றாக எண்ணப்பட்டிருந்தது. இது ஏமாற்று இல்லை, முறையே அப்படித்தான்: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், நடுவில் ஒரு தமிழ் எழுத்து வந்துவிட்டால் 70தான். நீண்டு இரண்டு மூன்றாக உடைந்தால் ஒவ்வொன்றிலும் 67. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் ஐந்து. பிளானில் எஸ்எம்எஸ் இலவசம் இல்லையென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் போனோ குழந்தைகள் கையில் போகும் போனோ இருந்தால், இன்றைக்கே கடைசி மூன்று பில்களை இறக்கி எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். சந்தா ஏதாவது இருந்தால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். "வெளி நிறுவனங்களின் கட்டணம் எதையும் என் எண்ணில் ஏற்றக்கூடாது" என்று முழுத் தடை கேளுங்கள், புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் அந்த ஒன்றை மட்டும்தான் நிறுத்தச் சொன்னேன். பத்தே நாளில் வேறொரு பெயரில் இன்னொரு சந்தா அப்பாவின் எண்ணில் ஏறியிருந்தது. முழுத் தடை போட்ட பிறகு வந்த இரண்டு பில்களிலும் நான்காம் பக்கம் காலி.