வக்கீலம்மாவின் மாடி அறை: 5-க்கு 4 ஸ்டார்

முதலில் ஏமாறப் பார்த்த கதை. காரைக்குடியில் ஒரு பத்திரம் எழுதும் கடை, பெயர் வேண்டாம். "நானும் இவனும் 14 வருஷமா கோயம்புத்தூர்ல ஒரே வீட்ல இருக்கோம், எங்க ரெண்டு பேருக்கும் சட்டப்படி ஏதாவது பேப்பர் வேணும்" என்றேன். அவர் கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை. "நூறு ரூபாய் பத்திரத்துல கல்யாண ஒப்பந்தம் எழுதி நோட்டரி சீல் போட்டுத் தர்றேன், 8,000 ஆகும்." அவன் பர்ஸை எடுத்தேவிட்டான். ஆச்சியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவனை வெளியே இழுத்து வந்தேன்.

ஆச்சி என்றால் என் அக்கா. நகரத்தார் நாங்கள், எங்கள் பக்கம் அப்படித்தான். அவள் கைகாட்டிய இடம்தான் இந்த வக்கீலம்மா. செக்காலை ரோட்டுப் பக்கம், மருந்துக்கடை மாடி. படி செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். பெயரைப் போட்டு விமர்சனம் எழுதட்டுமா என்றதற்கு, "ஏற்கெனவே கூட்டம் தம்பி, வேணாம்" என்றார். விசாரித்தால் கிடைத்துவிடுவார்.

அந்த 8,000 ரூபாய் ஒப்பந்தத்தைச் சொன்னதும், "அதுல பஜ்ஜி எண்ணெய் ஒத்தலாம்" என்றார். பிறகு காசு வாங்காமல் முக்கால் மணி நேரம் விளக்கினார். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவை 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தளர்த்தியதால் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களின் கல்யாணம் பற்றி அதே கோர்ட் தந்த 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாகவே நின்றார்கள். கல்யாணம் என்று சொல்லாமல் வேறொரு சேர்க்கையாகவாவது அங்கீகரிக்கலாமா என்பதில் 3-க்கு 2 என்று பிரிந்தார்கள், அதுவும் கைநழுவியது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

"நம்ம மதுரைக் கிளைல 2019-லயே கல்யாணத்தைப் பதியச் சொன்னாங்களே?" என்று கேட்டேன், பேப்பர் படிக்கிறவன் என்று காட்டிக்கொள்ள. "அது திருநங்கையும் மணமகள்தான்னு சொன்ன தீர்ப்பு. உங்களுக்குப் பொருந்தாது." ஆசை காட்டுகிற வக்கீல்களையே பார்த்துப் பழகியவனுக்கு இந்த வெட்டு ஒன்று துண்டு ரெண்டு பிடித்தது. சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் குடும்ப உறவுப் பத்திரம் ஒன்றைப் பதிய வழி செய்யலாமே என்று அரசை யோசிக்கச் சொன்னதையும், 2025 மே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்று எழுதியதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "இதையெல்லாம் வீட்ல ஃப்ரேம் போட்டு மாட்டலாம். பேங்க்ல காட்டினா நகராது. இப்ப வேலைக்கு வருவோம்."

வேலை என்றால் உயில். ஆளுக்கு ஒன்று. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் பதிந்துவிடுங்கள், பின்னால் சண்டை வந்தால் உதவும் என்றார். உயிரோடு இருக்கும்போதே ஃப்ளாட்டில் பாதியை அவன் பேருக்கு எழுதலாமா என்றேன். அங்கேதான் வலித்தது. மனைவிக்குச் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம். இவனுக்கு எழுதினால் வெளியாள், 7 சதவீதம். 14 வருஷம் என் சட்டையைச் சேர்த்துத் துவைக்கிற வெளியாள்.

பவர் பத்திரம் நான் கண்ணை மூடியதும் செத்துவிடும் என்பதையும், நாமினி என்பவன் பணத்தை வாங்கி வைத்திருப்பவனே தவிர வாரிசு இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கூட்டுக் கணக்குக்குத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு சொன்ன தெளிவுரையை அச்செடுத்தே கொடுத்தார், மேனேஜர் முழித்தால் நீட்ட. நினைவு தப்பிக் கிடந்தால் சிகிச்சையை எதுவரை தொடர்வது என்கிற பத்திரமும் எழுதினோம். முன்பு மாஜிஸ்திரேட் வரை போக வேண்டும். 2023-க்குப் பிறகு இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதுமாம். அதில் அவன் பெயர் இருக்கிறது. "ஆஸ்பத்திரில மதிப்பாங்கன்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்" என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஊர் வீட்டுப் பங்கையும் அவனுக்கே எழுதுவேன் என்பதில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். எங்கள் வளவில், அதாவது பூர்வீக வீட்டின் உள்கட்டில், கல்யாணமான பிள்ளைக்குத்தான் அறை. கோயில் கணக்கிலும் அப்படியே. கோயிலிலிருந்து மாலை வந்து கல்யாணம் முடிந்தால்தான் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. எனக்கு 44 வயது, இன்னும் அப்பச்சி (அப்பா) புள்ளிக்குள்தான் அடக்கம். ஆச்சி கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுதும்போது விளக்குப் பிடித்தவன் நான். எழுத்தில் உறவை உண்டாக்குவது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? தத்தெடுத்துப் பிள்ளை கூட்டிக்கொள்கிற வீடு எத்தனை! இதை வக்கீலம்மாவிடம் கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிரியாத பங்கை உயில் எழுதலாம் தம்பி. ஆனா பங்காளி 11 பேரோட கேஸ் நடத்தப்போறது நீங்க இல்ல, அவரு. ஃப்ளாட்டை அவருக்கு எழுதுங்க, பங்கை ஆச்சி மகனுக்கு விடுங்க" என்றார். அவன் உடனே தலையாட்டினான். எனக்கு இரண்டு நாள் ஆனது.

சாட்சிக்கு ஆச்சியையே கூப்பிடச் சொன்னதும் அவர் யோசனைதான். பின்னாளில் எதிர்த்துக் கிளம்பக்கூடியவர் கையெழுத்தே உள்ளே இருக்கட்டும் என்று. ஆச்சி உயிலைப் படிக்கத் தேவையில்லை என்றார். ஆச்சி படித்தாள், கண்ணாடி போட்டு, முழுதாக. பிறகு அவனைப் பார்த்து, "இனிஷியல் தப்பா இருக்கு பாருங்க" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

மொத்தம் 12,000 ஆனது, இரண்டு பேருக்கும் சேர்த்து, பதிவுச் செலவு தனி. நான்கு முறை கோயம்புத்தூரிலிருந்து வந்து போனோம். அதை இரண்டாகக் குறைத்திருக்கலாம்.

ஒரு ஸ்டார் குறைத்தது அந்த டைப் அடிக்கிற பையனுக்காக. அறைக்கும் வெளியே காத்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். அவன் அடித்ததைச் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கிறான். "என் வாழ்க்கைத் துணையாகிய" என்று படித்துவிட்டு நிறுத்தி, "துணைவியார்தானே சார்?" என்றான். பெஞ்சில் இருந்த கொத்தமங்கலத்துப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வக்கீலம்மா உள்ளேயிருந்து, "உள்ளதை அடிடா" என்றார்.

போகிறவர்கள் ஆதார் ஒரிஜினலும் இரண்டு சாட்சிகளும் கையோடு கொண்டுபோங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் போனால் பையன் கிளம்பியிருப்பான், அவரே அடித்துத் தருவார். கொஞ்சம் மெதுவாக.