பச்சை இறைச்சியா, உலர் தீனா: ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு

ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடோர் குட்டிகளில் ஒன்று வெள்ளவத்தைக்கு எங்களிடம் வந்தது, மற்றது தெஹிவளைக்கு அக்கா வீட்டுக்குப் போனது. அக்காவின் ரைகர் பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கிற உலர் தீனில் வளர்ந்தான். எங்கள் வீமனுக்கு இரண்டு மாதத்திலிருந்தே பச்சை இறைச்சி, பச்சை எலும்பு, ஈரல். இரண்டு பேரும் இப்போது வளர்ந்து முடிந்த நாய்கள். இரண்டே நாய்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது என்பது தெரியும். ஆனாலும் கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டில் இது எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கும் முறைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: நூறில் எண்பது பங்கு தசை இறைச்சி, பத்து எலும்பு, ஐந்து ஈரல், ஐந்து வேறு உள்ளுறுப்பு. வளர்ந்த நாய்க்கு இதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. குட்டிக்கு அப்படியில்லை. இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் சொற்பம். வெறும் இறைச்சியும் சோறுமாகக் கொடுத்தால் உடம்பு தனக்கு வேண்டிய கல்சியத்தைக் குட்டியின் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். கால் வளையும், சின்னக் குதிப்புக்கே எலும்பு முறியும். அதற்குப் பயந்து எலும்பை அள்ளிப் போடவும் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு மிஞ்சிய கல்சியத்தை உறிஞ்சாமல் தடுக்கும் திறன் போதாது. பெரிய இனமென்றால் மூட்டுத்தான் அடி வாங்கும். ஒரு பங்கு பொஸ்பரஸுக்கு ஒன்றேகால் பங்கு அளவில் கல்சியம் நிற்க வேண்டும் என்றார் மிருக வைத்தியர். பச்சை இறைச்சி என்றதும் முகத்தைச் சுழித்தவர்தான். செய்வதென்றால் தராசு வைத்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை நிறை பார்க்க வரச் சொன்னார்.

எலும்புக்குக் கோழிக் கழுத்தை நம்பினோம். அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு. குட்டிக்கு மென்மையாக நொறுங்கும், மலிவு. மிச்சம் தோல் நீக்கிய தொடை இறைச்சி, ஈரல், ஆட்டு மண்ணீரல். கணக்குச் சரியா என்று மறுநாள் காலை மலமே சொல்லிவிடும். சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து, காலால் தட்டினால் பொடியாக உதிர்ந்தால் எலும்பு கூடிவிட்டது. கறுத்துக் களியாகப் போனால் ஈரல் கூடிவிட்டது. பால்கனியில் குந்தியிருந்து இதை ஆராய்வதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்ரி என்ன நினைத்தாவோ.

மாட்டிறைச்சி வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆட்டிறைச்சி விற்கிற விலைக்கு நாங்களே அதைத் தீபாவளிக்குத்தான் பார்க்கிறோம். ஆகவே வீமன் பெரும்பாலும் கோழியில் வளர்ந்தவன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பு இறைச்சியில் உள்ள அளவு சிங்க் கோழியில் இல்லை. மங்கனீசு, அயடீன், விற்றமின் டி, விற்றமின் ஈ எல்லாமே வீட்டுக் கலவைகளில் வழமையாகக் குறைபவை. வைத்தியர் எழுதித் தந்த கனியுப்புத் தூளைக் கலந்துதான் ஒப்பேற்றினோம். ‘இயற்கை உணவு’ என்று தொடங்கிக் கடைசியில் டப்பாத் தூளில் வந்து நின்றோம் என்று அக்கா இன்றைக்கும் சிரிப்பாள். மீனும் கொடுத்தோம், ஆனால் அவித்து. சில வகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள நொதியம் விற்றமின் பி1 ஐச் சிதைத்துவிடும். அவித்தால் அந்த நொதியம் அழியும். எலும்பில் மட்டும் இது தலைகீழ்: அதை அவிக்கவே கூடாது, கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

நாயை விடச் சிரமம் தந்தது ஃப்ரிட்ஜ். வெள்ளிக்கிழமை அம்மா மரக்கறி. அதே ஃப்ரிட்ஜில் கோழிக் கழுத்துப் பை தொங்கினால் வீடு இரண்டுபடும். சின்ன ஃப்ரீசர் ஒன்றை வாங்கிக் கூடத்தின் மூலையில் வைத்த பிறகே சமாதானம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் இறைச்சிக் கடை பூட்டு, வெசாக்கென்றால் ஒரு நாளோடு முடியாது, முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டும். கரண்ட் போனால் அந்த அடுக்கு முழுவதும் ஆபத்தில். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றைக்கு ஃப்ரீசர் கதவைத் திறக்காதே என்று வீட்டில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். ரைகரின் தீன் பை அலுமாரிக்குள் பேசாமல் இருந்தது.

கிருமி விஷயத்தை இந்த முறையின் ஆதரவாளர்கள் சுலபமாகத் தட்டிவிடுகிறார்கள். உறையவைத்தால் புழு சாகும், சல்மொனெல்லா சாகாது. நாய்க்கு ஒன்றும் காட்டாமலே அதன் வாயிலும் மலத்திலும் கிருமி இருக்கலாம். பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குக் கால் இழுத்துப்போகும் ஒருவகை வாதம் வருவதற்கும் கம்பைலோபக்டர் கிருமிக்கும் தொடர்பு இருப்பதாக மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அதைப் படித்தபின் கழுத்தைக் குறைத்து, எலும்புத் தூளுக்கு மாறி, இறைச்சியையும் இலேசாக அவித்துக் கொடுக்கத் தொடங்கினேன். கைக்குழந்தையோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ உள்ள வீட்டில் பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம்.

கண்டது என்ன? வீமனின் மலம் குறைவு, நாற்றமும் குறைவு. தொடர்மாடியில் இது பெரிய விஷயம். பல்லில் கறை இல்லை, ரைகருக்குக் கடைவாயில் மஞ்சள் படிந்திருக்கிறது. தண்ணீர் குடிப்பது குறைவு, இறைச்சியிலேயே முக்கால்வாசி தண்ணீர்தானே. நிறையில், உயரத்தில், மயிரின் மினுக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கடற்கரையில் விட்டால் ஓடுகிற ஓட்டமும் ஒன்றுதான். பச்சை இறைச்சி தின்றால் உண்ணி அண்டாது என்று ஒருவர் சொன்னார், உண்ணிகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. செலவிலும் பெரிய இலாபம் இல்லை. 2022 இல் ரூபாய் சரிந்தபின் இறக்குமதித் தீன் எட்டாத விலைக்குப் போனதால்தான் கோழி மலிவாகத் தெரிகிறது. தூள், ஃப்ரீசர், கரண்ட் பில் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய சமன்.

அடுத்த குட்டி வந்தால் ஒரு வயது வரைக்கும் பெரிய இனக் குட்டிக்கான உலர் தீனையே வாங்குவேன். கல்சியக் கணக்கை அவர்களே பார்த்துவிடுகிறார்கள். எலும்பு முற்றியபிறகு இறைச்சிக்கு மாற்றினால் போதும். பல்லும் மலமும் அப்போதும் திருந்தும். அதுவரை மெல்ல ஏதாவது வேண்டுமென்றால் காலையில் ஒரு பச்சைக் கரட்.