விளக்கு எரிகிறது, பாட்டு வரவில்லை: பழைய யூஎஸ்பி ஸ்பீக்கருக்கு எந்த வழி சரி?

பத்து வருஷமாக மேசையில் இருக்கும் என் ஸ்பீக்கர் ஜோடியைப் புது லேப்டாப்பில் செருகினேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் திரையில் 'சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை' என்று வந்தது. கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: டிரைவரை (சாதனத்தோடு கணினி பேச உதவும் மென்பொருள்) மாற்று, ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வாங்கு, ஒயரைப் பார், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. எல்லாவற்றையும் செய்து பார்த்ததால் எது எதற்கு உதவும் என்று சொல்ல முடிகிறது.

முதலில் ஸ்பீக்கரிலிருந்து எத்தனை பிளக் வருகிறது என்று பாருங்கள். யூஎஸ்பியோடு 3.5 மி.மீ. ஆடியோ பின்னும் இருந்தால், அநேகமாக யூஎஸ்பி வெறும் கரண்டுக்குத்தான். அந்த ஸ்பீக்கர் டிவைஸ் மேனேஜரில் (கணினியில் மாட்டிய சாதனங்களை விண்டோஸ் காட்டும் பட்டியல்) தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆடியோ பின்னை ஹெட்போன் துளையில் செருகினால் போதும். யூஎஸ்பி மட்டும் இருந்தால்தான் மேலே படிக்க வேண்டும்.

விளக்கு எரிவதை நம்பாதீர்கள். யூஎஸ்பி 2.0 ஒயருக்குள் நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. தகவல் கம்பி அறுந்தாலும் விளக்கு ஜோராக எரியும்.

டிரைவரைத்தான் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய யூஎஸ்பி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 1998இல் வந்த யூஎஸ்பி ஆடியோ வகுப்பு 1.0 என்ற பொது விதிப்படி செய்யப்பட்டவை. அதற்கான டிரைவர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கூடவே வருகிறது. அதனால் டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ஸ்பீக்கரின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு தெரிந்தால் அதை 'அன்இன்ஸ்டால்' செய்து, பிளக்கைக் கழற்றி, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி செருகுங்கள். பெயர் சரியாகத் தெரிந்தும் சத்தம் இல்லையென்றால், எச்டிஎம்ஐ வழியாக மாட்டிய மானிட்டர் ஒலியைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று அவுட்புட் பட்டியலில் பாருங்கள். ஆனால் 'கோட் 43', 'டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்' என்று வந்தால் கதை வேறு. கணினி "நீ யார்?" என்று கேட்டும் பதில் வரவில்லை என்று அர்த்தம். டிரைவர் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும். நான் இங்கேதான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அதைவிட ஹப் நல்ல யோசனை, முக்கியமாக ஸ்பீக்கர் பழைய கணினியில் பாடி, புதியதில் மட்டும் மௌனமாக இருந்தால். இந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பேசுபவை. சில புது யூஎஸ்பி 3 போர்ட்களோடு அவற்றுக்கு ஒத்துப்போவதில்லை. நடுவில் யூஎஸ்பி 2.0 ஹப் வைத்தால், அது கணினியோடு 480 மெகாபிட்டிலும் ஸ்பீக்கரோடு 12 மெகாபிட்டிலும் பேசி இடையில் மொழிபெயர்த்துவிடுகிறது. தனி அடாப்டர் உள்ள ஹப்பாகப் பாருங்கள். கணினியிலிருந்தே கரண்டு எடுக்கும் ஹப் விதிப்படி ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும். நேரடி யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 500 வரை கிடைக்கும். இரவல் வாங்கியாவது சோதித்துவிட்டு அப்புறம் காசு போடுங்கள்.

எந்தக் கணினியிலும் தெரியவில்லை என்றால் ஒயர்தான் என் முதல் சந்தேகம். பிளக்குக்கு அருகிலும் பெட்டிக்குள் நுழையும் இடத்திலும் அது ஓயாமல் வளைகிறது. அங்கே பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் கணினி 'டிங்' என்றால் ஆள் அகப்பட்டாயிற்று. என்னுடையதில் பிளக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ரப்பரைக் கீறினேன். வெள்ளைக் கம்பியின் செம்பு பாசி பிடித்தாற்போல் பச்சையாகி, தொட்டதும் உதிர்ந்தது. பழைய பிரிண்டர் கேபிளிலிருந்து பிளக்கோடு ஒரு முழம் வெட்டி சாலிடர் வைத்தேன். நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒவ்வொரு கம்பியாகப் பீப் கேட்டுச் சேருங்கள். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

ஒயர் நன்றாக இருந்து உள்ளே இருக்கும் யூஎஸ்பி சிப் போயிருந்தால், சாலிடர் தெரிந்தவருக்கு இன்னொரு வழி உண்டு: 3.5 மி.மீ. ஒயரை நேராக ஆம்ப்ளிஃபையர் (ஒலியைப் பெருக்கும்) சிப்பின் உள்ளீட்டில் சேர்த்து, யூஎஸ்பியைக் கரண்டுக்கு மட்டும் விட்டுவிடலாம். பிஏஎம்8403 போன்ற, 5 வோல்ட்டில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு கடையில் மலிவு. அதையே உள்ளே வைத்துவிடலாம். கரண்டும் பாட்டும் ஒரே கணினியிலிருந்து வந்தால் சில சமயம் 'உர்ர்' என்ற இரைச்சல் வரும். கரண்டைப் போன் சார்ஜரில் கொடுத்தால் அது அடங்கும். புளூடூத் போர்டும் வைக்கலாம், ஆனால் சத்தம் சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, படத்தில் உதட்டசைவு பிசகும்.

யூஎஸ்பி சவுண்ட் கார்டை மட்டும் இதற்காக வாங்காதீர்கள். அது கணினிக்கு ஒரு ஹெட்போன் துளையைத் தருகிறது. நம் ஸ்பீக்கரின் யூஎஸ்பி பிளக் அந்தத் துளைக்குள் போகாது. ஒரு பக்கம் 3.5 மி.மீ., மறுபக்கம் யூஎஸ்பி துளை என்று விற்கும் ஒயரும் இங்கே பயன்படாது, அதற்குள் ஒலியை மாற்றித் தரும் சிப் எதுவும் இல்லை.

கூம்புக் காகிதம் கிழிந்து சத்தம் கரகரக்கிறது என்றால் புதுசு வாங்குங்கள். என்னுடையதில் காகிதம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. ஒட்டுப் போட்ட ஒயரோடு இப்போது பாடிக்கொண்டிருக்கிறது.