பத்து அங்குல பேண்ட்சாவுக்கு எத்தனை நூல் பிளேடு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் வழக்கமாகப் போகும் இரும்புக்கடையில், சுருளாக வரும் ரம்ப நாடாவை நம் இயந்திரத்தின் அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துத் தருகிறார்கள். சக்கரங்களின் மேல் நாடாபோல் சுற்றி ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் என்னுடைய பத்து அங்குல மேசை பேண்ட்சாவுக்காக அங்கே நான்கு அகலங்களில் பிளேடு வாங்கி, ஆறு மாதமாக மாற்றி மாற்றிப் போட்டு அறுத்துப் பார்த்துவிட்டேன். தைப்பூசக் காவடி செய்து கொடுப்பவன் என்பதால், நேராகப் பலகை பிளப்பதும் மயில் உருவத்தை வளைத்து அறுப்பதும் எனக்கு ஒரே வாரத்தில் வரும் வேலைகள். தோட்டத்தில் தச்சராக இருந்த என் தந்தை அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்தே பேசுவார். நானும் அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது நான்கு நூல், அதாவது அரை அங்குலம். இயந்திரத்தின் கையேடு அதுவரை அனுமதிக்கிறது. அகலமான பிளேடுதான் நேராக ஓடும் என்று கடையிலும் சொன்னார்கள். பிளேடைப் போதிய அளவு இறுக்க முடிந்தால் அது உண்மையே. ஆனால் சிறிய பேண்ட்சாவின் சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் அவ்வளவு வலு கிடையாது. ஐந்து அங்குல உயரமுள்ள காய்ந்த ரப்பர் கட்டையைப் பிளந்தபோது, மேலும் கீழும் கோட்டிலேயே நின்ற வெட்டு நடுவில் ஒதுங்கிப்போய், ஒரு பலகை தொந்தி விழுந்தும் மற்றது குழிந்தும் வந்தன. அந்த பிளேடின் கனம் 0.025 அங்குலம். அவ்வளவு கனமான தகடு பத்து அங்குலச் சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்வதால், சில வாரங்களில் பல்லடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, ஒரு நாள் அறுந்தே போயிற்று.

அடுத்து மூன்று நூல் அகலம், 0.014 அங்குலக் கனம், அங்குலத்துக்கு நான்கு பல் கொண்டதைப் போட்டேன். அதே கட்டையின் மறுபாதி இழைப்புளி இரண்டு முறை ஓடினால் போதும் என்ற அளவுக்கு நேராக வந்தது. மெல்லிய, குறுகிய தகடானதால், இருக்கிற ஸ்பிரிங்கின் இழுப்பே அதை விறைப்பாக நிறுத்தப் போதுமானதாக இருக்கிறது. பல் குறைவாக இருப்பதால் மரத்தூள் வெளியேற இடமும் கிடைக்கிறது. இயந்திரத்தில் நிரந்தரமாக ஒரே பிளேடுதான் இருக்க வேண்டுமென்றால், தயங்காமல் இதையே வாங்கச் சொல்வேன்.

ஆனால் மயில் கழுத்துக்கு அது ஒத்துவராது. ஒன்றரை அங்குல ஆரத்துக்குக் குறைந்த வளைவில் மூன்று நூல் பிளேடு முறுக்கிக்கொண்டு மரத்தைக் கருக்குகிறது. இரண்டு நூல் சுமார் 16 மில்லிமீட்டர் ஆரம்வரை திரும்பும். கழுத்தும் தோகையும் அதிலேயே முடிந்துவிடும். அலகும் கொண்டையும் மட்டும் ஒரு நூல் பிளேடில் அறுக்க வேண்டியவை. அதற்கு, பிளேடு விலகாமல் இருபுறமும் தாங்கும் எஃகு கைடுகளைக் கழற்றிவிட்டு, கெட்டி மரத்தில் செதுக்கிய துண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். அவ்வளவு ஒடுங்கிய பிளேடில் பல் கைடை எளிதில் தொட்டுவிடும்; எஃகில் உரசினால் பல்லின் கூரும், பற்கள் இடமும் வலமும் சாய்ந்து நிற்கும் விரிப்பும் கெட்டுவிடும்.

எந்த அகலமானாலும், பக்கத்து கைடுகள் பல்லடிக்குச் சற்றே பின்னால் நிற்க வேண்டும். பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, அதன் கனத்தளவே இடைவெளி விடுகிறேன்.

கடையைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே குறை, பிளேடின் கனத்தை அவர்கள் எழுதித் தருவதில்லை என்பது. நாமே கேட்டு வாங்க வேண்டும். பற்றவைப்பு நன்றாகவே இருக்கிறது. நான்கில் ஒன்றில் மட்டும் ஒட்டு சற்று மேடாக இருந்து, கைடைக் கடக்கும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று தட்டியது. எடுத்துச் சென்று காட்டியதும், காசு வாங்காமல் அங்கேயே தேய்த்துச் சமமாக்கிக் கொடுத்தார்கள். வாங்கும்போதே முதுகுப்பக்கத்தை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.