நீட் புத்தகங்கள்: பிளஸ் ஒன் முதல் ரிப்பீட்டர் வருடம் வரை எனக்குக் கைகொடுத்தவை

நீட் படிக்க மூட்டை மூட்டையாகப் புத்தகம் தேவையில்லை. என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல்), நம் தமிழக அரசுப் பாடநூல், பழைய வினாத்தாள்கள் இந்த மூன்றும் போதும். பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். தமிழ் வழி மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உயிரியல். மொத்தம் 720 மதிப்பெண்ணில் 360 இதற்குத்தான். இங்கே என்சிஇஆர்டி-க்கு மாற்றே கிடையாது. படத்தின் கீழே உள்ள சிறு குறிப்பு, அட்டவணையின் ஓரத்தில் கிடக்கும் வரி, எதிலிருந்தும் கேட்பார்கள். ஆனால் அதை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்தவுடன் படித்தால் தமிழ் வழிப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது. ஒவ்வொரு பாடத்தையும் முதலில் நம் தாவரவியல், விலங்கியல் புத்தகத்தில் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம்தான் என்சிஇஆர்டி-யைத் திறப்பேன். சொலானேசி என்னும் கத்தரித் தாவரக் குடும்பம் எனக்கு மறக்காமல் நிற்பதற்குக் காரணம் வீட்டுக் கொல்லையில் இருந்த கத்தரிச் செடி. பூவைப் பிரித்தால் அல்லி வட்டத்தோடு ஒட்டிய மகரந்தத்தாள்கள் தெரியும். காய் முற்றிய பிறகும் காம்படியில் தொப்பி போல நிற்கிறதே, அதுதான் உதிராத புல்லிவட்டம். புத்தகத்தில் ஒரே ஒரு வரி. கையில் பார்த்தபின் அதைத் திரும்பப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வேதியியலில் கதை வேறு. பாடச்சுமையைக் குறைத்தபோது என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பி-தொகுதித் தனிமங்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2024 தேர்வுக்காக வெளியான நீட் பாடத்திட்டத்தில் அந்தத் தனிமங்கள், அதாவது 13 முதல் 18 வரையிலான தொகுதிகள், இருக்கின்றன. நம் அரசுப் பாடநூலில் இதற்கென்றே இரண்டு அலகுகள் உண்டு, நல்ல தமிழில். அதே புத்தகத்தில் உள்ள உலோகவியலும் திடநிலைமையும் பிளஸ் டூ தேர்வுக்கு வேண்டும், அந்த நீட் பாடத்திட்டத்தில் இல்லை. ஆகவே பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எந்தப் புத்தகம் வாங்குவதற்கு முன்பும் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

சீனியர்களிடமிருந்து பழைய செட் வாங்குவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். செரித்தல், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம் எல்லாம் 2024 நீட் பாடத்திட்டத்தில் நீக்கப்பட்ட பாடங்கள். பழைய தொகுப்புகளில் அவை பக்கம் பக்கமாக இருக்கும்.

ஒரு பயிற்சி மையத்தின் மெட்டீரியல் செட் எனக்கும் கிடைத்தது. கேள்விகள் ஏராளம், ஆனால் விடைக்குறிப்பில் பிழை. சரியாகப் போட்ட இயற்பியல் கணக்கையே தப்பு என்று நினைத்து ஒரு மாலை முழுக்கக் குழம்பிக் கிடந்தேன். விடைக்கு விளக்கம் இல்லாத புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம்.

இயற்பியலுக்கு நம் பாடநூலில் தருவித்தல்கள் விரிவாக இருக்கும், கருத்து புரிய அது நல்லது. கணக்கு வேகத்துக்கு என்சிஇஆர்டி எடுத்துக்காட்டுகளும் பழைய நீட் கேள்விகளும்தான் உதவின. செயலிகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எங்கள் ஊரில் டவர் கிடைத்தால்தானே.

பணம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். என்சிஇஆர்டி-யும் நம் பாடநூலும் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. நான் உயிரியலை மட்டும் தர்மபுரியில் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் செய்துகொண்டேன். ஓரத்தில் தமிழில் எழுதிவைக்க இடம் வேண்டுமே.

பழைய வினாத்தாளைத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்ததாகவே எடுங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் தேர்வில் இரண்டும் இருக்கும், முரண்பட்டால் ஆங்கிலமே இறுதி. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொன்னார்கள், 2025-இல் மீண்டும் 180 கேள்வி, மூன்று மணி நேரம். பழைய தாளை நேரம் வைத்துப் போடும்போதும் 180 கேள்விக்கு மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் தாளையும் ஜெராக்ஸ் எடுத்து வட்டம் நிரப்பியே பழகுங்கள், அதற்கே நிறைய நிமிடம் போகிறது.